எண்ணியில் 4096 கூடி நிற்கிறது: வானத்தில் இருந்து வந்த கோளாறா?

கேள்வி: ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு வாசகர், 2023 செப்டெம்பர் 9

பப்பாசித் தோட்டத்துக்குச் சொட்டுநீர்ப் பெட்டி ஒன்று நானே செய்து வைத்திருக்கிறேன். ஆர்டுயினோ நானோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் போர்ட், நேரம் காட்டுகிற டிஎஸ் 3231 போர்ட், ஒரு ரிலே, சோலர், 12 வோல்ட் பற்றரி. வால்வு எத்தனை தரம் திறந்தது என்று ஓர் எண்ணியும் உண்டு. இன்று விடியப் பார்த்தால் 37 இருக்க வேண்டிய இடத்தில் 4133 நிற்கிறது. கழித்துப் பார்த்தேன், சரியாக 4096. பெல்ஜியத் தேர்தலில் ஒருவருக்கு 4096 வாக்கு கூடிப் போனதும் விண்வெளியில் இருந்து வருகிற விண்கதிரால் என்று வாசித்திருக்கிறேன். இங்கே மழையும் இல்லை, மின்னலும் இல்லை. அப்போ இதுவும் அதுதானே? பெட்டியைச் சுற்றி ஈயத் தகடு அடித்தால் போதுமா?

பதில்: செப்டெம்பர் 9, இரவு

ஈயம் வாங்க வேண்டாம் தம்பி. அந்தக் காசுக்குப் பற்றரி வாங்கலாம்.

முதலில் நாலு விஷயம் சொல்லும். எண்ணியை எங்கே சேமிக்கிறீர், நானோவின் உள்ளேயா, நேர போர்டில் இருக்கிற, மின்சாரம் போனாலும் எழுதியதை மறக்காத குட்டி ஈஈப்ரொம் நினைவகத்திலா? போர்டுகளுக்கு இடையில் வயர் எவ்வளவு நீளம்? வயர் எதன் பக்கத்தால் போகிறது? 5 வோல்டை எதில் இருந்து எடுக்கிறீர்?

செப்டெம்பர் 10

பதில் வரும்வரை பெல்ஜியக் கதை. பலர் அரைகுறையாகச் சொல்வதால் முழுதாக எழுதுகிறேன். 2003 மே 18, பிரசல்ஸ் பக்கத்தில் இருக்கிற ஸ்கார்பேக் என்ற இடம். இலத்திரனியல் வாக்குப்பதிவு. ஒரு வேட்பாளருக்கு அவருடைய பட்டியலுக்கே கிடைக்காத அளவு விருப்பு வாக்கு விழுந்திருந்தது. அதனால்தான் பிடிபட்டது. காந்த அட்டைகளைத் திரும்ப எண்ணினார்கள், வித்தியாசம் 4096. மென்பொருளைப் பார்த்தார்கள், கணினியைச் சோதித்தார்கள், பிழை எதுவும் கிடைக்கவில்லை. 4096 என்பது இரண்டின் 12ஆம் அடுக்கு, ஆகவே நினைவகத்தில் 13ஆவது பிட் (0 அல்லது 1 நிற்கிற ஓர் இடம்) தானாகப் புரண்டிருக்கும் என்று முடிவு கட்டினார்கள். அதைப் புரட்டியது விண்கதிர் என்பது ஊகம். யாரும் நிரூபிக்கவில்லை.

இன்னொன்றும் இதே மாதிரி. 2008 ஒக்டோபர் 7, குவான்டாஸ் 72 விமானம் அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரை அருகே திடீரென்று மூக்கைக் கீழே குத்தியது. தரவு கொடுக்கிற அலகு ஒன்று பிழையான எண்களை அனுப்பியது. விசாரணையில் விண்கதிரையும் சந்தேகப் பட்டியலில் போட்டுப் பார்த்தார்கள், உறுதிப்படுத்த முடியவில்லை.

உறுதியாகப் பிடிபட்ட கதை இன்டெல்லுடையது. 1970களின் கடைசியில் அவர்களின் 16 கிலோபிட் டிராம் நினைவகச் சிப்புகளில் பிட்டுகள் தானாகப் புரண்டன. தேடிப் போனால் காரணம் வானத்தில் இல்லை, சிப்பை மூடியிருந்த பீங்கான் உறையில். அதில் கலந்திருந்த யுரேனியமும் தோரியமும் அல்பாத் துகள்களை விட்டுக்கொண்டிருந்தன. 1978 இல் டிமதி மே, முரே வுட்ஸ் என்ற இருவர் அதை அளந்து எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் உறைக்குத் துப்புரவான பொருள் தேடத் தொடங்கினார்கள்.

செப்டெம்பர் 10, பின்னேரம்

கணக்குப் போட்டுப் பார்ப்போம், வாய்ப்பேச்சு வேண்டாம்.

நானோவில் இருக்கிற ஏடிமெகா 328 சிப்பின் எஸ்ராம், அதாவது மின்சாரம் இருக்கும்வரை மட்டும் பிடித்து வைக்கிற வேலை நினைவகம், 2 கிலோபைட். பிட்டில் 16,384. ஒரு மெகாபிட்டில் 64இல் ஒரு பங்கு. கடல் மட்டத்தில் ஒரு மெகாபிட் எஸ்ராமுக்கு நூறு கோடி மணி நேரத்தில் ஆயிரம் பிட் புரளும் என்பது மோட்டாகப் போடுகிற கணக்கு. சிப்புக்குச் சிப்பு மாறும், சிலது பாதி, சிலது இரண்டு மடங்கு. அப்படிப் பார்த்தால் உமது சிப்பில் நூறு கோடி மணி நேரத்தில் ஏறத்தாழ 16 தரம். ஆண்டாக மாற்றினால் ஏழாயிரம் ஆண்டுக்கு ஒரு தரம்.

அந்த 16,384 பிட்டில் உமது எண்ணி பிடிக்கிற இடம் 16 பிட். பெட்டி ஓடத் தொடங்கி ஒரு போகம்தானே ஆகியிருக்கும்.

ஆனால் ஊர் முழுக்க ஆயிரம் பெட்டி வைத்தால் ஏழு ஆண்டுக்கு ஒன்று எங்கேயோ புரளும். நினைவகம் பெரிய சிப் என்றால் இன்னும் அடிக்கடி. அதனால்தான் கார் செய்கிறவர்களும் சேர்வர் வைத்திருக்கிறவர்களும் இதற்குப் பயப்படுகிறார்கள். பப்பாசிக்காரர் பயப்படத் தேவையில்லை.

செப்டெம்பர் 12

மேலே போட்ட கணக்கோடு ஒன்று சேர்க்க வேண்டும். உலகம் முழுக்க இந்த அளவுகளுக்கு அடிப்படையாக வைத்திருப்பது நியூயோர்க்கின் கடல் மட்டம். அங்கே 10 மெகா இலத்திரன்வோல்டுக்கு மேற்பட்ட நியூத்திரன்கள் ஒரு சதுர சென்ரிமீற்றரில் மணிக்கு 13 அளவில் விழும். வன்னியில் அதைவிடக் குறைவு.

பூமியின் காந்தப்புலம் நிலநடுக்கோட்டுப் பக்கத்தில் தரைக்குச் சமாந்தரமாகக் கிடக்கிறது. வெளியில் இருந்து வருகிற மின்னேற்றத் துகள் அதைக் குறுக்கே வெட்டித்தான் உள்ளே வர வேண்டும். சக்தி குறைந்தவை வளைந்து திரும்பிப் போய்விடும். உள்ளே வரத் தேவைப்படுகிற குறைந்தபட்சச் சக்தி உலகிலேயே ஆகக் கூட இருப்பது நம்முடைய தெற்காசிய, தென்கிழக்காசியப் பக்கத்தில்தான். காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் கால்மாட்டைத் தொட்டுக்கொண்டு போகிறது. 1963 இல் இந்தியா முதல் ரொக்கெட்டைத் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தும்பாவில் இருந்து விட்டதும் அந்தக் கோட்டுக்காகத்தான். வன்னி கிட்டத்தட்ட அதே அகலக்கோட்டில் கிடக்கிறது. உயரமும் இல்லை. காசா பணமா, இயற்கை இலவசமாகப் போட்டுத் தந்த கவசம்.

செப்டெம்பர் 13

கொக்கிளாய்ப் பக்கத்தில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: புல்மோட்டைக் கறுப்பு மணலில் கதிர்வீச்சு இருக்கிறதாமே, அதால் சிப் பழுதாகுமா?

நல்ல கேள்வி. அந்த மணலில் இல்மனைட், ருட்டைல், சேர்க்கோன் எல்லாம் இருக்கிறது, கொஞ்சம் மொனசைற்றும் உண்டு. மொனசைற்றில் தோரியம் இருக்கும். தோரியம் அல்பா விடும். ஆனால் அல்பா காற்றில் சில சென்ரிமீற்றர்தான் ஓடும், ஒரு தாளே அதைப் பிடித்து வைக்கும். சிப்பின் கறுப்பு உறையைத் தாண்டி உள்ளே போகவே போகாது. இன்டெல்லின் கதையில் அல்பா ஏன் வேலை செய்தது என்றால் அது உறைக்குள்ளேயே, சிலிக்கனைத் தொட்டபடி இருந்ததால். வெளியில் கிடக்கிற மணலின் மேல் பெட்டியை வைத்துவிட்டு எத்தனை மாதம் பார்த்தாலும் அல்பா ஒன்றும் செய்யாது. கொஞ்சம் காமாக் கதிர் வரும். அது ஒற்றையாக ஒரு பிட்டைப் புரட்டுகிற வகை இல்லை, ஆண்டுக்கணக்கில் சேர்ந்து டிரான்சிஸ்டரைத் தேய்க்கிற வகை, அதற்கும் மணலில் இருக்கிற அளவு காணாது.

ஒற்றைத் துகள் அடித்து ஒரு பிட் புரள்வது வேறு, மொத்த அளவு சேர்ந்து சிப் கிழடாவது வேறு. முதலாவது திரும்ப எழுதினால் சரியாகிவிடும். இரண்டாவது சரியாகாது. இங்கே கேள்வி கேட்கிற பாதிப் பேர் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிறார்கள்.

செப்டெம்பர் 15

ஈயத்தை விடமாட்டேன் என்கிறார்கள். சரி.

தரைக்கு வந்து பிட்டைப் புரட்டுவது பெரும்பாலும் நியூத்திரன். விண்கதிர் மேலே காற்றில் மோதிச் சிதறும்போது பிறக்கிறது. அதற்கு மின்னேற்றம் இல்லை, ஈயத்துக்குள்ளால் சாதாரணமாகப் போய்விடும். போகிற வழியில் ஈய அணுக்கருவில் மோதினால் அதில் இருந்து இன்னும் நாலு நியூத்திரன் தெறிக்கும். மெல்லிய ஈயத் தகடு அடித்தால் நிலைமை கொஞ்சம் மோசமாகவும் கூடும். நியூத்திரனைத் தடுக்க ஐதரசன் நிறைந்த பொருள் வேண்டும்: தண்ணீர், பொலித்தீன், தடித்த கொங்கிறீற்று. கிணற்றுக்கு அடியில் பெட்டியை வைத்தால் நல்ல கவசம்தான், பெட்டிதான் மிஞ்சாது.

கதிர் என்றால் வெயிலும் கதிர்தான். பழைய ஈப்ரொம் நினைவகச் சிப்புகளின் முதுகில் ஒரு கண்ணாடி யன்னல் இருக்கும், புற ஊதாக் கதிரால் அழிப்பதற்கு. அதற்கு மேல் ஒட்டி வைக்கிற ஸ்ரிக்கர் வன்னி வெயிலுக்கு மொரமொரத்து விழுந்துவிடும். நேர் வெயிலில் ஒரு கிழமை கிடந்தால் எழுதியது போய்விடும், குழல் விளக்கு வெளிச்சத்தில் மூன்று ஆண்டளவில் போகும். கிளிநொச்சியில் நான் கடை வைத்திருந்தபோது ஒரு பழைய இயந்திரத்தின் போர்டைக் கொண்டு வந்து, இது காலையில் வேலை செய்யாது, மத்தியானம் செய்யும் என்றார்கள். யன்னல் திறந்து கிடந்தது. பாதி அழிந்த பிட்டுகள் சூட்டுக்கு ஏற்றபடி ஒரு நேரம் ஒன்றாகவும் ஒரு நேரம் சைபராகவும் வாசிபட்டுக்கொண்டிருந்தன. கதிர்வீச்சால் நினைவகம் கெட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்று நான் சொல்லக்கூடியது அதைத்தான்.

2015 இல் வந்த ராஸ்பெரி பை 2 கமெராப் பிளாஷ் அடித்தால் அணைந்துபோனதே, ஞாபகம் இருக்கிறதா? உறையில்லாமல் போர்டில் ஒட்டியிருந்த ஒரு மின்வழங்கல் சிப்பில் செனன் வெளிச்சம் பட்டது, அவ்வளவுதான். கலியாண வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாத கணினி.

செப்டெம்பர் 17

ஒட்டுசுட்டான்காரர் பதில் போட்டிருக்கிறார். சுருக்கம்: எண்ணி நேர போர்டில் இருக்கிற ஈஈப்ரொம்மில்தான். அந்த போர்டையும் சின்னத் திரையையும் வீட்டு விறாந்தையில் வைத்திருக்கிறார், தோட்டத்துக்குப் போகாமலே பார்ப்பதற்காக. இடையில் ரெலிபோன் வயர். வயரைக் கட்டியிருப்பது யானை வேலிக் கட்டையில்.

யானை வேலி!

வன்னிக்கு வெளியே இருந்து வாசிக்கிறவர்களுக்காக: இங்கே பின்னேரம் ஆறு மணிக்கு மேல் யானை வரும் என்று தோட்டத்தைச் சுற்றி மின்சார வேலி போடுவோம். பெட்டி ஒன்று ஏறத்தாழ செக்கனுக்கு ஒரு தரம் சில ஆயிரம் வோல்ட் துடிப்பை வேலிக் கம்பியில் அடிக்கும். யானை சாகாது, ஆனால் திரும்பிப் போகும். பெரும்பாலும் இரவில் மட்டும்தான் போடுவது.

நானோவையும் நேர போர்டையும் இணைக்கிற இரு கம்பி முறை ஒரே போர்டுக்குள் சிப்புக்குச் சிப் பேசுவதற்காகச் செய்தது. வயரின் கொள்ளளவு 400 பிக்கோபாரட்டைத் தாண்டக் கூடாது என்று விதி. தாண்டினால் சைகை மெதுவாக ஏறும், வெளியில் இருந்து மின் இரைச்சல் புகுவது லேசாகும். பெரிய குறை என்னவென்றால், போகிற தரவுக்கு எந்தச் சரிபார்ப்பும் இல்லை. கேட்ட சிப் பைட்டை வாங்கினேன் என்று தலையாட்டும், வாங்கியது சரியா என்று அதற்குத் தெரியாது. ஒரு பிட் வருகிற நேரத்தில் வேலி துடித்தால் அந்தப் பிட் மட்டும் பிழையாக வாசிபடும்.

இப்போது 4096 ஐப் பாரும். 16 பிட் எண்ணி இரண்டு பைட்டாக வருகிறது. மேல் பைட்டில் ஐந்தாவது பிட் மாறினால் வித்தியாசம் 4096. நிரல் அந்தப் பிழையான எண்ணை வாசித்து, ஒன்று கூட்டி, திரும்ப எழுதிவிட்டது. அதற்குப் பிறகு பிழை நிரந்தரம். விடியப் பார்க்கும்போது வேலியும் நிறுத்தியாயிற்று, தடயமும் இல்லை.

ஒரே ஒரு பிட் மாறியதை வைத்து வானத்தைச் சொல்லாதீர்கள் என்று நான் கத்துவது இதற்காகத்தான். வயரில் புகுகிற துடிப்பும் ஒரு பிட்டைத்தான் மாற்றும்.

செப்டெம்பர் 18

வேலியை இரவில் நிறுத்திப் பார்க்கட்டா என்று கேட்கிறார். வேண்டாம். பப்பாசி மிஞ்சாது.

பகலில் செய்யும். ஈஈப்ரொம்மில் தெரிந்த எண் ஒன்றை, உதாரணமாக 90 ஐ, ஒரு பக்கம் முழுக்க எழுதும். 90 இரும எண்ணில் 01011010, ஒன்றும் சைபரும் சமம். பிறகு எழுதாமல் வாசித்துக்கொண்டே இரும், பிழை வந்தால் எண்ணும். அரை மணி வேலி நிறுத்தி, அரை மணி வேலி போட்டு. வயரைக் கையால் தொட வேண்டாம்.

செப்டெம்பர் 24

வேலி நிறுத்தியபோது பிழை இல்லை. போட்டபோது வந்தது. பிழைகள் எல்லாம் செக்கன் இடைவெளியில் வரிசையாக விழுந்திருக்கின்றன என்று பதிவையும் அனுப்பியிருக்கிறார். விண்கதிருக்கு மணிக்கூடு கிடையாது.

நேர போர்டை நானோவின் பெட்டிக்குள்ளேயே மாற்றச் சொன்னேன். விறாந்தைத் திரைக்கு வேறு ஏற்பாடு: முறுக்கிய சோடி வயரில் ஆர்எஸ் 485 என்ற நீள வயருக்கான தொடர்பு முறை, ஒவ்வொரு செய்திக்கும் முடிவில் சீஆர்சி என்ற சரிபார்ப்பு எண், வேலியில் இருந்து தள்ளி மண்ணுக்குள் குழாயில். வேலிக்குக் குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாக வெட்டிப் போக வேண்டும், பக்கத்தால் ஓடக் கூடாது.

செப்டெம்பர் 30

"அப்போ விண்கதிர்ப் பாதுகாப்பெல்லாம் வீண்தானே அண்ணை" என்று ஒருவர்.

இல்லை. விண்வெளிக்காரர் கண்டுபிடித்த வழிகள் நினைவகம் எதனால் கெட்டாலும் பிடிக்கும். விண்கதிரா, யானை வேலியா, பற்றரி இறங்கியதா, நிரல் தற்காலிகமாக எழுதி வைக்கிற ஸ்ரக் நிரம்பி மாறிகளின் மேல் ஏறியதா என்று அவை கேட்பதில்லை. ஆகவே வன்னியில் போடுவதும் சரிதான், காரணத்தைத் தேடுகிற வேலையை விட்டுவிடக் கூடாது என்பதுதான் என் சண்டை.

பற்றரி என்றதும் ஞாபகம் வந்தது. ஏடிமெகா 328 இல் மின் அழுத்தம் இறங்கினால் நிறுத்துகிற சுற்றுக்கு மூன்று மட்டம் உண்டு: 1.8, 2.7, 4.3. பல நானோக்கள் 2.7 இல் வரும். ஆனால் 16 மெகாஹேர்ட்சில் ஏறத்தாழ 3.8 வோல்டுக்குக் கீழே அந்தச் சிப் ஒழுங்காக ஓடும் என்று உத்தரவாதம் இல்லை. இடைப்பட்ட பகுதியில் சிப் உயிரோடு இருக்கும், புத்தி இருக்காது. அப்போதுதான் ஈஈப்ரொம்மில் கண்டதையும் எழுதும். மாரியில் வெயில் இல்லாமல் பற்றரி இறங்குகிற நாட்களில் இது நடக்கும். 4.3 ஆக மாற்றுங்கள்.

ஒக்டோபர் 8

கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கிற ஒரு பிள்ளை கேட்டிருக்கிறார்: உயரப் பலூனில் ஒரு பெட்டி விட யோசனை, அதற்குப் பிறகு ஒரு நாள் சின்னச் செய்மதி. சாதாரணச் சிப் காணுமா?

இப்போதுதான் இந்தக் கேள்வி பதில் இழைக்குப் பொருத்தமான கேள்வி வந்திருக்கிறது.

விமானம் பறக்கிற உயரத்தில் கடல் மட்டத்தைவிடச் சில நூறு மடங்கு நியூத்திரன். பலூன் அதையும் தாண்டிப் போகும், ஆனால் சில மணி நேரம்தான். நானோ அளவு நினைவகத்தில் ஒன்றும் புரளாமலே இறங்கிவிடும், அதற்குப் பந்தயம் கட்டலாம். அங்கே குளிரும் பற்றரியும்தான் எதிரி.

சுற்றுப்பாதை வேறு கதை. நம் நாட்டுச் செய்மதி இராவணா 1 சின்னப் பெட்டிதான், ஒரு கிலோ அளவு. 2019 ஏப்ரல் 17 இல் போய், யூன் 17 இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்து வெளியே விட்டார்கள். 400 கிலோமீற்றர் உயரம், 51.6 பாகைச் சாய்வு. அந்தப் பாதை தென் அத்திலாந்திக் முரண்பகுதியைத் தினமும் வெட்டும். அங்கே பூமியின் காந்தப்புலம் பலவீனம், கதிர்வீச்சுப் பட்டையின் உள் ஓரம் கீழே இறங்கி நிற்கிறது. பிரேசிலுக்கு மேலே போகும்போது புரோத்திரன் மழை. நினைவகக் கோளாறுகளை வரைபடத்தில் புள்ளியாகக் குத்தினால் அந்த இடம் தனியாகத் திரண்டு தெரியும்.

தூரம் போனாலும் விடாது. 2010 இல் வொயேஜர் 2 அனுப்பிய தரவு வாசிக்க முடியாமல் போனது. பார்த்தால் கணினியின் நினைவகத்தில் ஒரே ஒரு பிட் புரண்டிருந்தது. பூமியில் இருந்து கட்டளை அனுப்பித் திருப்பினார்கள்.

ஒக்டோபர் 9

பிள்ளைக்காக, என்ன செய்யலாம் என்பதை நான் மதிப்பு வைத்திருக்கிற வரிசையில் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முதல் மின்சாரம். துகள் அடித்தால் பிட் மட்டும் புரள்வதில்லை. சீமொஸ் வகைச் சிப்புக்குள் ஒளிந்திருக்கிற ஒரு தைரிஸ்ரர் (ஒருமுறை திறந்தால் தானாக மூடாத சுவிட்ச்) திறந்துகொண்டு மின் வழங்கலையே குறுக்கிணைப்பாக்கிவிடும். சூடேறிச் சிப் எரியும். இதற்கு ரிசெற், அதாவது நிரலை முதலில் இருந்து தொடங்குவது, உதவாது. நிரல் தொங்கினால் தானாக ரிசெற் பண்ணுகிற வொட்ச்டோக் என்ற காவல்நாய்ச் சுற்றும் உதவாது. மின்சாரத்தை முழுதாக வெட்டித் திரும்பக் கொடுத்தால்தான் விடும். ஆகவே ஒவ்வொரு சிப்புக்கும் மின்னோட்டத்தைப் பார்த்து வெட்டுகிற சுவிட்ச் ஒன்று வெளியே வேண்டும். சமிக்ஞைக் கம்பிகள் வழியாகக் கள்ளமாக மின்சாரம் உள்ளே போகாமலும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வெட்டியும் வெட்டாத நிலைதான்.

அடுத்தது வொட்ச்டோக். பலர் அதை, நேரத்துக்கு நேரம் நிரலை இடைமறித்து ஓடுகிற ரைமர் இன்ரரப்டுக்குள் வைத்து, உயிரோடு இருக்கிறேன் என்று தட்டிக்கொடுப்பார்கள். பிரதான நிரல் செத்துக் கிடந்தாலும் இன்ரரப்ட் ஓடும், நாயும் குலைக்காது. பிரதான சுற்றில் ஒரே இடத்தில், எல்லா வேலையும் முடிந்தது என்று ஒவ்வொரு பகுதியும் குறி வைத்த பிறகு மட்டும் தட்ட வேண்டும். நானோ வைத்திருப்பவர்களுக்கு: பழைய பூட்லோடர் (சிப் தொடங்கும்போது முதலில் ஓடுகிற நிரல்) ரிசெற்றுக்குப் பிறகு வொட்ச்டோக்கை நிறுத்தாது, பெட்டி ரிசெற் ஆகிக்கொண்டே இருக்கும். ஒப்ரிபூட் என்ற வேறு பூட்லோடரைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மூன்றாவது, முக்கியமான மாறிகளுக்கு மூன்று பிரதி. பிட்டுக்குப் பிட் பெரும்பான்மை, மூன்றில் இரண்டு சொல்வதே விடை: (அ&ஆ)|(ஆ&இ)|(இ&அ). வாக்கு எடுத்த பிறகு விடையை மூன்று இடத்திலும் திரும்ப எழுத வேண்டும். எழுதாவிட்டால் முதல் பிழை அப்படியே கிடக்கும், இரண்டாவது வந்து சேரும்போது பெரும்பான்மையே பிழைப் பக்கம் போய்விடும். சற்றேன் 5 ரொக்கெட்டை ஓட்டிய கணினியின் தருக்கச் சுற்றுகளும் இப்படி மூன்று மூன்றாகத்தான் இருந்தன. நிரலாக எழுதும்போது ஒரு பொறி: நிரலைச் சிப்பின் மொழிக்கு மாற்றுகிற கொம்பைலர், மூன்றும் ஒன்றுதானே என்று இரண்டைத் தூக்கி எறிந்துவிடும். தூக்க வேண்டாம் என்று அதற்குச் சொல்ல மாறிகளை வொலட்டைல் என்று குறியுங்கள், பிறகு உண்மையிலேயே மூன்று இடத்தில் இருக்கிறதா என்று நினைவகத்தில் எது எங்கே என்று காட்டுகிற மெமரி மப்பைத் திறந்து பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஒரே துகள் அண்டைக் கலங்களையும் சேர்த்துப் புரட்டக்கூடும்.

ஒக்டோபர் 9, இரவு

விட்டது: மாறிகளை மட்டும் காவல் காத்தால் போதாது. சிப்பின் அமைப்பைப் பிடித்து வைத்திருக்கிற கட்டுப்பாட்டு ரெஜிஸ்ரர்களும் அதே மாதிரிப் பிட்டுகள்தான். சிப்பின் ஒரு காலை (இணைப்பு முனையை) வெளியீடு என்று தொடக்கத்தில் ஒருமுறை சொல்லிவிட்டு மறந்துவிடுகிறோம். அந்தப் பிட் புரண்டால் கால் உள்ளீடாகிவிடும், நிரல் தான் எழுதுவது வெளியே போகிறது என்று நம்பிக்கொண்டிருக்கும். சில செக்கனுக்கு ஒருமுறை எல்லா அமைப்பையும் திரும்ப எழுதுங்கள். செலவில்லாத வேலை, ஆனால் மூன்று பிரதி பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள்கூட இதைச் செய்வதில்லை.

நிலை மாறிகளுக்கு 0, 1 என்று வைக்காமல் 90, 165 என்று வையுங்கள். இரண்டுக்கும் எட்டுப் பிட்டும் எதிர்மாறு. இரண்டும் இல்லாத எண் வந்தால் உடனே பாதுகாப்பான நிலைக்குப் போங்கள்.

ஒக்டோபர் 14

மூன்று பிரதியில் எனக்கு இருந்த காதல் இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. நிரலில் கையால் செய்தால் ஸ்ரக்கையும் திரும்பும் முகவரியையும் காப்பாற்ற முடியாது. அவையும் எஸ்ராமில்தான் கிடக்கின்றன. வன்பொருளிலேயே ஈசீசீ என்ற பிழைதிருத்தும் குறியீடு இருக்கிற சிப் கிடைத்தால் அதுதான் நேர்மையான வழி.

ஈசீசீயின் அடி கணிதவியலாளர் ரிச்சர்ட் ஹமிங்கிடம் போகிறது. பெல் ஆய்வுகூடத்தில் வார விடுமுறையில் ரிலேக் கணினியில் வேலையைப் போட்டுவிட்டுப் போவார், பிழை கண்டால் இயந்திரம் அந்த வேலையை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும். பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு எந்த இடத்தில் என்று ஏன் தெரியக் கூடாது என்று எரிச்சலில் யோசித்தது 1950 இல் கட்டுரையானது. 8 பிட்டுக்கு 5 சரிபார்ப்புப் பிட் சேர்த்தால் ஒற்றைப் பிழையைத் திருத்தலாம், இரட்டைப் பிழையைக் கண்டுபிடிக்கலாம். 32க்கு 7 போதும், 64க்கு 8. தரவின் நீளம் கூடக் கூடச் சரிபார்ப்புக் கூலி குறையும்.

செவ்வாயில் பறந்த இன்ஜெனுயிற்றி ஹெலியைப் பாருங்கள். பறப்பைக் கட்டுப்படுத்தியது விண்வெளிக்கென்று செய்த சிப் இல்லை. கார்களுக்காகச் செய்த ரிஎம்எஸ் 570 வகை, இரண்டு. அதற்குள் ஒரே நிரலை இரண்டு மையங்கள் சேர்ந்து ஓட்டி விடையை ஒப்பிடும், நினைவகத்துக்கு ஈசீசீ. படம் பார்த்து வழி கண்டது கைத்தொலைபேசியில் வருகிற ஸ்னாப்டிராகன் 801. பக்கத்தில் நின்ற ரோவரில் ஆர்ஏடி 750, விலையும் பாரமும் வேகக் குறைவும் உள்ள, கதிர்வீச்சைத் தாங்கவென்று செய்த சிப். இரண்டு வழியும் ஒரே கிரகத்தில் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்தன.

எஃப்ராம் நினைவகம் உள்ள எம்எஸ்பி 430 வகைச் சிப்பும் பார்க்கலாம். அதில் பிட்டைப் பிடித்து வைத்திருப்பது மின்னேற்றம் இல்லை, படிகத்தின் முனைவாக்கம். துகள் லேசில் அதைப் புரட்டாது. ஆனால் அதே சிப்பில் ரெஜிஸ்ரர்கள் சாதாரணமானவை. மேலே சொன்ன அமைப்புத் திரும்ப எழுதுதல் இங்கேயும் வேண்டும்.

நவம்பர் 3

ஒரு அம்மா கேட்டிருக்கிறார், கணவருக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறது, புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் இருக்கிற சிப் கெடுமா என்று.

அம்மா, கேள்வி சரியானது, மருத்துவர்களுக்கும் இது தெரிந்த விஷயம். 10 மெகாவோல்டுக்கு மேற்பட்ட கதிர்க்கற்றையில் நியூத்திரன் உண்டாகும், அது கருவியின் நினைவகத்தைக் குழப்பக்கூடும். அதனால் குறைந்த சக்தியில் கொடுப்பது, கருவியைக் கற்றைக்கு வெளியே வைப்பது, இடையிடையே கருவியைச் சோதிப்பது என்று நடைமுறை உண்டு. தொடங்க முதலே கதிர்ச் சிகிச்சை மருத்துவரிடமும் இதய மருத்துவரிடமும் கருவியின் அட்டையைக் காட்டுங்கள். இங்கே எழுதுகிறவர்களின் பேச்சை, என்னுடையதையும் சேர்த்து, நம்பி எதையும் தள்ளிப்போட வேண்டாம்.

நவம்பர் 19

மழை தொடங்கிவிட்டது, மின்னலும். "விண்கதிர்" என்று இரண்டு புதுக் கேள்வி வந்திருக்கிறது. இரண்டிலும் பெட்டிக்குப் புவித்தொடுப்பு இல்லை. பதில் எழுதவில்லை.

சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலத்தில் சத்தம் இரைந்தால் சைக்கிளை மிதிக்கிறவனைத்தான் முதலில் பார்ப்போம்.

டிசம்பர் 2

ஒட்டுசுட்டான்காரர் திரும்ப வந்திருக்கிறார். எண்ணி இப்போது சரியாம். சீஆர்சியும் போட்டிருக்கிறார், ஈஈப்ரொம்மில் இரண்டு பிரதி, வாசிக்கும்போது சீஆர்சி பொருந்துகிற பிரதியை எடுக்கிறார். ஆனால் புதுப் பிரச்சினை: வொட்ச்டோக் ஒருநாள் இரவு ரிசெற் பண்ணியது, விடியப் பார்த்தால் வால்வு இரவு முழுக்கத் திறந்து தாங்கி காலி.

வால்வு எந்த வகை என்று கேட்டேன். பற்றரி மிச்சம் பிடிக்க, ஒரு துடிப்பில் திறந்து மறு துடிப்பில் மூடுகிற வகை வாங்கியிருக்கிறார். மின்சாரம் போனால் தானாக மூடுகிற சாதாரண வால்வு என்றால் ரிசெற்றில் மூடியிருக்கும். இது கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கும். நிரல் திரும்பத் தொடங்கும்போது வால்வு மூடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தொடங்குகிறது.

ஆகவே: நிரல் தொடங்கும்போது ஒருமுறை ஓடுகிற செட்டப் பகுதியின் முதல் வரியில், வேறு எதையும் வாசிக்க முதலே, மூடுகிற துடிப்பை அடியும். ஒருமுறை காணாது, பற்றரி இறங்கியிருந்தால் வால்வு அரைவாசியில் நிற்கும், இரண்டு மூன்று தரம் அடியும். அதிகபட்சம் எவ்வளவு நேரம் திறந்திருக்கலாம் என்ற எண்ணை நிரல் இருக்கிற ஃபிளாஷ் நினைவகத்தில் மாறிலியாக வையும், எஸ்ராமில் வைக்க வேண்டாம். தாங்கியின் அடி மட்டத்தில் மிதவை சுவிட்ச் ஒன்று வாங்கி வால்வின் மூடுகிற கம்பிக்கு நேராகக் கொடும், நானோவுக்கு ஊடாக இல்லாமல். மிதவை மாங்குளத்துக் கடைகளிலேயே கிடைக்கும்.

வயரை வேலிக் கட்டையில் கட்ட வேண்டாம்.